கொல்லைக்கு ஏற்ற கோழி: சிறுவிடையைத் தேர்ந்தெடுப்பதும் வாங்குவதும்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஐந்தாறு கோழி வளர்க்கலாம், சண்டை சச்சரவு இல்லாத நாட்டு இனமாக இருக்க வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் சிறுவிடை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் களத்துமேட்டிலும் குப்பைமேட்டிலும் காலங்காலமாகக் கிளறித் தின்று வந்த சின்ன உடம்புக் கோழி இது. பெட்டை ஒன்று, ஒன்றேகால் கிலோ இருக்கும். சேவல் இரண்டு கிலோவைத் தொட்டால் பெரிது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரைதான் எதிர்பார்க்கலாம். நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும்போது இந்தக் கணக்கு குறைவாகத் தெரியும்.

ஆனால் அந்த வெள்ளைக்கோழிக்கு அடையில் உட்காரத் தெரியாது. அடைகாக்கும் நாட்களில் கோழி முட்டையிடாது. பண்ணைக்கு அது நஷ்டம். அதனால் அடைக் குணம் இல்லாத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, அந்தக் குணத்தையே போக்கிவிட்டார்கள். சிறுவிடையில் அது முழுசாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் தானே கொக்கரிப்பை நிறுத்தி, உடம்பை உப்பிக்கொண்டு அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் குஞ்சுகளுக்குக் கிளறிக் காட்டும், பருந்து நிழல் தெரிந்தால் குரல் கொடுத்துச் செட்டைக்குள் ஒடுக்கும். இன்குபேட்டர், சூட்டுக்கு பல்பு, தனித் தீவனம் எதுவும் நாம் தேட வேண்டியதில்லை. சின்னக் கூட்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைவிடப் பெரிய தகுதி ஒரு கோழிக்கு வேண்டாம்.

பெருவிடையைப் பார்த்து மயங்குபவர்கள் நிறைய. மயங்குவதில் தப்பில்லை, நிமிர்ந்த கழுத்தும் கம்பம்போன்ற காலும் கொண்ட அழகான பறவை அது. அசில் வழி வந்த இனம். சேவல்கள் நான்கு கிலோவுக்கு மேலும் போகும். மனிதர்களிடம் பெருவிடை மிகவும் சாது, கையில் தூக்கி வளர்த்த சேவல் குழந்தைக்குக்கூடப் பணிந்து நிற்கும். அதன் ஆத்திரமெல்லாம் இன்னொரு சேவல்மேல்தான். சண்டைக்காகவே பலநூறு ஆண்டுகள் பொறுக்கி வளர்க்கப்பட்ட ரத்தம். இரண்டு சேவல்கள் ஒரு கொல்லையில் சந்தித்தால் ஒன்று விழும்வரை நிற்காது. பெட்டைகளும் ஒன்றையொன்று கொத்திக் குதறும். முட்டையும் குறைவு, ஆண்டுக்கு 30, 40 கிடைத்தால் பெரிது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி சொன்னவர்கள் சின்னக் கோழியை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கனத்த பெருவிடைப் பெட்டை அடையில் ஏறி இறங்கும்போது முட்டை உடைவது வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன இழப்பு.

கடக்நாத் என்கிற கருங்கோழி மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்காரர்களுடையது. அதன் இறைச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நம் ஊரில் விலையும் விளம்பரமும் ஏறின. மிரளும் சுபாவம் கொண்ட பறவை, அடைகாப்பதிலும் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி வெயில் தாங்கும். இறகு குறைவாக இருப்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. பார்க்கத்தான் சிலருக்குப் பிடிப்பதில்லை. நல்ல தாய்வழி கிடைத்தால் தயங்காமல் இரண்டு வாங்கிச் சேர்க்கலாம்.

இன்னொரு வகையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி, ஹைதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா இவையெல்லாம் புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கப்பட்டவை. முட்டை அதிகம், எடை அதிகம், குஞ்சு ஒரே சீராகக் கிடைக்கும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பவருக்கு நல்ல தேர்வு. ஆனால் பழைய நாட்டு இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால் இவை அதற்கு உதவாது. பெரும்பாலும் அடையில் உட்காராது, அடுத்த தலைமுறையில் அதே குணங்கள் அப்படியே வருவதும் இல்லை. சிறுவிடையோடு கலந்து விட்டால் இரண்டு மூன்று ஆண்டில் உங்கள் கூட்டத்தில் எது எது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

சிறுவிடையே வாங்குவது என்று முடிவானாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சாது என்பது இனப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. குடும்ப வழியாக வருகிறது. சிறுவிடையிலும் ஆளைக் கண்டால் பாயும் சேவல் உண்டு, அதன் மகன்களில் சிலவற்றுக்கும் அந்தப் புத்தி இருக்கும். அதனால் வாங்கப் போகும் இடத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது சேவலை. கொஞ்சம் குருணையை வீசிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். நல்ல சேவல் தானியத்தை அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, தாழ்ந்த குரலில் அடுக்கடுக்காகக் கூப்பிடும். பெட்டைகள் ஓடிவந்து தின்னும்வரை பக்கத்தில் நிற்கும். பெட்டைகளை விரட்டிவிட்டுத் தானே தின்பதும், நீங்கள் நடக்கும்போது ஒரு செட்டையைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் சுற்றி வருவதும், கழுத்து மயிரைச் சிலிர்ப்பதும் நல்ல அடையாளங்கள் இல்லை. இளம் சேவலில் இது தெரியாது. எட்டுப் பத்து மாதத்தில்தான் சுபாவம் வெளியே வரும். எனவே வாங்குவது ஒரு வயது தாண்டிய சேவலாக இருக்கட்டும்.

பெட்டைகளிடம் வேறொன்றை எதிர்பார்க்க வேண்டும். சிறுவிடை மடியில் உட்காரும் கோழி கிடையாது. உடம்பு லேசு என்பதால் பறக்கும். விட்டால் முருங்கை மரத்தில் ஏறி அடையும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கூப்பிட்டு இரை போட்டுப் பழக்கினால் ஒரு மாதத்தில் காலைச் சுற்றி வரும், மாலையில் தானே கூட்டுக்குள் போகும். குஞ்சு வைத்திருக்கும் தாய் மட்டும் கிட்டப் போனால் பாய்ந்து கொத்தும். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொத்தாத தாய் பூனையிடமிருந்து குஞ்சைக் காப்பாற்றாது.

எது உண்மையான சிறுவிடை என்று எப்படித் தெரியும்? ஒரு கொட்டகையில் நாற்பது கோழி, எல்லாம் ஒரே வயது, ஒரே பருமன் என்றால் அது பொரிப்பகத்திலிருந்து வந்த சரக்கு. வீட்டுக் கோழிகள் பல வயதில், பல நிறத்தில் இருக்கும். செவலை, கருப்பு, புள்ளி, சாம்பல் என்று கலந்து நிற்கும். சிறிய தலை, ஒல்லியான கால், உடம்போடு ஒட்டிய இறகு, சட்டென்று திரும்பும் கண், விரட்டினால் கூரை ஏறும் வேகம், இத்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும். தடித்த மஞ்சள் காலும் தொங்கும் பெரிய கொண்டையும் மந்தமான நடையும் இருந்தால் கலப்பு என்று சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை ஒரு கேள்வி: “இதோட தாய் அடை உட்கார்ந்துச்சாம்மா, எத்தனை பொரிச்சது?” கோழி வளர்த்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்; வாங்கி விற்பவர் பேச்சை மாற்றுவார். தெருவில் கூடையில் வரும் கலர் குஞ்சுகளைக் குழந்தை கேட்கிறது என்று வாங்கிச் சேர்க்காதீர்கள். முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆண் குஞ்சுகளுக்குச் சாயம் பூசித்தான் பெரும்பாலும் அவற்றை விற்கிறார்கள்.

வாங்க நல்ல இடம், கோழி மேயும் வீடு. சொந்த ஊரிலோ சொந்தக்காரர் ஊரிலோ இரண்டு மூன்று வீடுகளில் சொல்லி வையுங்கள். பால்காரர், ஆடு மேய்ப்பவர், கால்நடை மருந்தகத்தில் வேலை செய்பவர், இவர்களுக்கு எந்த வீட்டில் பழைய வழி இருக்கிறது என்று தெரியும். ஆடு மாட்டைப் போலக் கோழியையும் வாரத்துக்கு விடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. பெட்டையை ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், பொரித்த குஞ்சில் பாதிப் பாதி. காசு கொடுத்து வாங்குவதைவிட இது மெதுவான வழிதான், ஆனால் கொடுத்தவரின் அனுபவமும் கூடவே வரும். கோழி நோயுற்றால் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

சந்தையைக் கடைசியாக வையுங்கள். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆடு, கோழிச் சந்தைக்குப் போனால் கண் நிறையக் கோழி பார்க்கலாம். இனங்களைப் பார்த்துப் பழக அது நல்ல இடம். ஆனால் பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில் காலைக் கட்டிக் கிடக்கும்போது பத்து ஊர் நோயும் அங்கே கூடுகிறது. நோய் வந்த கூட்டத்தை அவசரமாகத் தள்ளிவிடுபவர்களும் சந்தைக்குத்தான் வருவார்கள்.

எங்கே வாங்கினாலும் கோழியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள். சதை இருக்க வேண்டும், கத்தி முனைபோல எலும்பு குத்தினால் குடற்புழுவோ பழைய நோயோ இருக்கிறது. செட்டையைத் தூக்கியும் பின்பக்க இறகை விலக்கியும் பேன், செள்ளு ஊர்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ எச்சம் ஒட்டியிருந்தால் வேண்டாம். கண்ணில் நுரை, மூக்கில் சளி, கொண்டையில் அம்மைக் கொப்புளம் இருந்தாலும் வேண்டாம். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது சிரங்குப் பூச்சி. குணமாகக்கூடியது, ஆனால் மற்றக் கோழிக்கும் தொற்றும். கடைசியில் பறவையைக் காதருகே வைத்து மூச்சைக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எந்த வயதில் வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல்முறை வளர்ப்பவர் தாயும் குஞ்சுமாக வாங்குவதே நல்லது. விலை கூடுதலாகச் சொல்வார்கள், கொடுக்கலாம். வளர்க்கும் வேலையைத் தாய் பார்த்துக்கொள்ளும், நீங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வீர்கள். அது கிடைக்காவிட்டால் ஐந்து மாத விடைக்கோழிகள் மூன்று நான்கு, வேறொரு வீட்டிலிருந்து ஒரு சேவல். தாயில்லாத ஒரு நாள் குஞ்சு, புதியவருக்கு வேண்டாம். ஏற்கெனவே அடைக்கோழி வைத்திருப்பவருக்கு முட்டையே மலிவான வழி: இட்டு ஒரு வாரம் தாண்டாத, குளிர்பெட்டியில் வைக்காத முட்டை பத்து. தவிட்டில் புதைத்துக் கொண்டுவந்து, அரை நாள் அசையாமல் வைத்துவிட்டு, இருட்டிய பிறகு அடைக்கோழிக்கு அடியில் வையுங்கள். இருட்டில் கோழி மறுக்காது. அடைக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவை இருந்தால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்பார்கள். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திக் கால்களாக ரத்த நரம்பு ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். அக்னி நட்சத்திர வெயிலில் அடை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, பொரிப்பு குறையும்.

வீட்டுக்கு வந்த புதுக் கோழியை மூன்று வாரம் தனியாக, கொல்லையின் மறுகோடியில் பஞ்சாரத்திலோ தனிக் கூண்டிலோ வையுங்கள். பழைய கோழிகளுக்கு முதலில் இரை, பிறகுதான் புதியவற்றுக்கு. நாட்டுக்கோழிக் கூட்டத்தை ஒரே வாரத்தில் துடைத்துப் போடுவது வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய். வந்தபின் மருந்து இல்லை, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் செட்டையில் ஊசி. மருந்துக் குப்பி 100, 200 கோழிக்கென்று வரும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு கோழிக்காரர் தனியாக வாங்கினால் வீண். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் வழி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் அரசு முகாம் எப்போது என்று சொல்வார்கள்.

ஒரு சேவலுக்கு ஆறேழு பெட்டை போதும். குஞ்சு வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்பவருக்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வைப்பவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அப்பனும் மகளும் சேர்ந்து பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். பக்கத்து ஊர் வளர்ப்பவரோடு சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்ளலாம். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும், ஐந்தாறு மாதத்தில் அவை தமக்குள் மோதத் தொடங்கும். அவற்றைக் குழம்புக்கு எடுப்பதா, விற்பதா, வளர்க்க விரும்புபவருக்குக் கொடுப்பதா என்பதை முதல் கோழியை வாங்கும் முன்பே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிடுங்கள், முக்கியமாக அவற்றுக்குப் பெயர் வைக்கப்போகும் பிள்ளைகளிடம்.