எண்ணெய் கூடினால் மகிழ வேண்டா

பால்வெட்டுத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினார். பெரட்டுக் களம், கடை, பிள்ளைகளின் பள்ளி, கோயில் என இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் அக்கார் சென்றதில்லை. "நம் வண்டி எண்ணெய் குடிப்பதே இல்லை, அளவுக்கம்பியில் பார்த்தால் கூடிக்கொண்டல்லவா வருகிறது!" என்று என்னிடம் பெருமையோடு கூறினார். சில மாதங்களில் எஞ்சினுக்குள் தட்டும் ஓசை எழுந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது பேரிங்குகள் தேய்ந்திருந்தன. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையையே நெருங்கியது.

கூடியது எண்ணெய் அன்று; பெட்ரோல்.

மழைநீர் கலந்த பால் வாளியை நிறைக்கும். ஆனால், அதில் ரப்பர் குறைவு என்பதை நீங்கள் அறிவீர்கள். எஞ்சினிலும் இதுவே நிகழ்கிறது. நாம் கறுப்பெண்ணெய் என்றும் மலாயில் மினியாக் ஹீத்தாம் என்றும் வழங்கும் எண்ணெய், உலோகத்தோடு உலோகம் உராயாதபடி மெல்லிய படலமாக இடையே நிற்கிறது. பெட்ரோல் கலந்தால் அதன் பிசுபிசுப்புக் குறைந்து, படலம் தாங்கும் ஆற்றலை இழக்கிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பெட்ரோல் முழுமையாக ஆவியாவதில்லை. ஆகவே, தொடக்கத்தில் அது கூடுதலாகவே செலுத்தப்படுகிறது. எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைக் கடந்து அடித்தொட்டியில் இறங்குகின்றன. எல்லாக் கார்களிலும் சிறிதளவு இறங்கவே செய்யும். நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் நன்கு சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியே மீண்டும் சிலிண்டருக்குள் சென்று எரிந்துவிடும். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தப்படும் காருக்கு அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை.

"நம் நாட்டில் குளிர் ஏது?" எனச் சிலர் வினவலாம். எஞ்சினுக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ். விடியற்காலையில் 24 பாகையில் நிற்கும் எஞ்சின் அதற்குக் குளிர்ந்ததே. கடுங்குளிர் நாடுகளில் தொல்லை இன்னும் மிகுதி. 2018ஆம் ஆண்டில் சீனாவின் குளிர்ப் பகுதிகளில், 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் பொருத்திய ஹோண்டா சி.ஆர்.வி. கார்களில் எண்ணெய் மட்டம் உயர்வதாகப் புகார்கள் பெருகின. புதிய கார் என்பதால் மட்டும் கவலையற்று இருந்துவிட இயலாது என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

பழைய கார்களில் நாமே தேடிக்கொள்ளும் கேடு ஒன்றுண்டு. வெப்பநாட்டுக்குத் தேவையில்லை எனக் கருதி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அஃது இல்லையேல் எஞ்சின் சூடேற நெடுநேரமாகும். பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடும். தீப்பொறி சரிவர எழாத பிளக்கும், கசியும் இஞ்செக்டரும் இதே தீங்கைச் செய்யும். டீசல் வண்டியெனில் கூடுதல் கவனம் தேவை. எண்ணெயில் கலந்த டீசல் எளிதில் ஆவியாகாது.

மாதம் இருமுறை, காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் செலுத்திப் பாருங்கள். நிறத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டா. நல்ல எண்ணெயும் கறுக்கும். மட்டம் மேற்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, பெட்ரோல் நெடி வீசுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. நெடியை நுகரும்போது கையில் சுருட்டு வேண்டா! ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால், மிகுதியை மட்டும் வடித்துப் பயனில்லை. எண்ணெய் முழுவதையும் மாற்றிக் காரணத்தையும் கண்டறியச் சொல்லுங்கள். குறுந்தூரமே ஓடும் காருக்குக் கையேட்டில் குறித்த தவணைக்கு முன்னரே எண்ணெய் மாற்றுதல் நன்று.

வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். பட்டணத்துச் சந்தைக்குச் செல்லும் நாளை அதற்கென வைத்துக்கொள்ளலாம். எஞ்சினைப் பழுதுபார்த்த நம் நண்பரும் அவ்வாறே செய்கிறார். பெரட்டுக்கு மட்டும் இப்போது சைக்கிளில் செல்கிறார்.