வீடு தேடி வரும் ஒளி: கண்ணாடி இழையைக் காப்போம்

தோ பாயோவின் பழைய அடுக்குமாடிகளுள் பல, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் அன்று வழி விடப்பட்டது. ஒளியின் வழியே செய்தி வீட்டுக்குள் வரும் என்று எவரும் எண்ணியிருக்க இயலாது. இன்றோ, அதே வீடுகளுக்குத் தலைமுடி அளவே பருமனுள்ள கண்ணாடி இழை வந்து சேர்கிறது. பிள்ளைகளின் பாடமும், முதியோரின் மருத்துவ ஆலோசனையும், தமிழகத்து உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் பேச்சும் அந்த ஓர் இழையையே நம்பியுள்ளன.

நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்புக்காக வீடுகளுக்கு இழை பதிக்கும் பணி 2009ஆம் ஆண்டில் தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் சேவை பொதுமக்களுக்குக் கிடைத்தது. இவ்விழை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், அதைப் பேணுவதும் எளிதாகும்.

ஒளி குறைவது ஏன்?

கண்ணாடியின் வழியே செல்லும் ஒளி, போகப் போக மங்கும். இக்குறைவை டெசிபெல் என்னும் அளவால் குறிப்பர். 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கும், 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்கும் எஞ்சும்.

1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்னும் அறிஞர், கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கு மேல் இழக்காத தூய கண்ணாடி கிடைத்தால், இழையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தார். அக்காலத்துக் கண்ணாடி அதைவிடப் பன்மடங்கு ஒளியை விழுங்கியது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையை எட்டியது. காவுக்கு 2009ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. இன்றைய இழைகள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.35 டெசிபெல் வரையே இழக்கின்றன.

ஆயினும் தொலைவு மிகும்போது சிறு இழப்பும் பெரிதாகிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002ஆம் ஆண்டில் அமைந்த கடலடி வடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். இத்தகைய வடங்களில், கடலுக்கடியிலேயே இடையிடையே ஒளிபெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. நம் அடுக்குமாடிக்கு வரும் இழையிலோ அத்தகைய பெருக்கி ஏதும் இல்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஒளியைக் கொண்டே வீடு வரை சமாளிக்க வேண்டும்.

ஒரு வரவு செலவுக் கணக்கு

இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காக எண்ணிப் பார்க்கலாம். வீடுகளுக்கான இணைப்புகளில் உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒருவகைக் கருவி, 28 டெசிபெல் வரை இழப்பைத் தாங்கும். அதாவது, ஒளி அறுநூற்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் செய்தியைப் படித்துவிடும். அதுவே நமது வரவு.

இனிச் செலவைக் காண்போம். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை, வழியில் பிரிப்பானால் பல வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. 32 வீடுகள் எனக் கொள்வோம். ஒளியை ஐந்து முறை பாதியாக்கினால் 15 டெசிபெல். பிரிப்பானின் சொந்த இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 17. ஐந்து கிலோமீட்டர் இழைக்கு 2. இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் 3. மொத்தம் 22. எஞ்சிய சேமிப்பு 6 டெசிபெல் மட்டுமே.

இழையை மிக இறுக்கமாக வளைத்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். இணைப்பியின் முனையில் படியும் நுண்ணிய தூசியும் ஒளியை மறைக்கும். சேமிப்பு இவ்வாறே கரைகிறது. சேமிப்பு உள்ளவரை நமக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எல்லை கடந்ததும் பிழைகள் பெருகி இணைப்பே துண்டிக்கப்படும்.

கொள்ளளவைப் பகிர்தல்

ஒளி குறைவது வேறு. கொள்ளளவு நிரம்புவது வேறு. மேற்கூறிய கருவி, நிலையத்திலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் செய்தியை அனுப்பும். 32 வீட்டாரும் ஒரே நேரத்தில் முழுவேகம் கேட்டால் ஒருவருக்கு 78 மெகாபிட் அளவே கிடைக்கும். நடைமுறையில் எல்லாரும் ஒரே நொடியில் கேட்பதில்லை. ஆகவே ஒருவர் ஓய்ந்திருக்கும்போது மற்றவர் கூடுதலாகப் பெறுகிறார். வீடுகளிலிருந்து செல்லும் செய்திகள் மோதிக்கொள்ளாதவாறு ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனி நேரம் ஒதுக்கப்படுகிறது.

கொள்ளளவைப் பெருக்க இழையை மாற்ற வேண்டியதில்லை. இரு முனைகளிலுமுள்ள கருவிகளை மாற்றினால் போதும். கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் அளவுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்யப்படும் என 2024ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. பதித்த இழை பழுதின்றி இருந்தால்தான் இத்தகைய முன்னேற்றம் எளிதில் வீடு வந்து சேரும்.

இழை பழுதானால்

2013ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் நேர்ந்த தீயில் 149 வடங்கள் சேதமுற்றன. ஏறத்தாழ 270,000 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். சிங்டெல் நிறுவனத்துக்கு மறு ஆண்டில் 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அறுந்த வடத்தை முறுக்கிக் கட்டிவிட இயலாது. உள்ளிருக்கும் இழைகளை முனையோடு முனை பொருத்தி, உருக்கி ஒட்டுதல் வேண்டும்.

குடியிருப்பாளர் கவனத்திற்கு

1. வீட்டைப் புதுப்பிக்கும்போது, இழை செல்லும் வழியையும் அதன் முனைப் பெட்டியையும் குத்தகையாளரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். பெட்டியை இடம் மாற்ற வேண்டுமாயின் சேவை நிறுவனத்தை நாடுங்கள்.

2. இழையைக் கதவிடுக்கிலோ அலமாரிக்குப் பின்னாலோ நசுங்க விடாதீர்கள், மடித்துக் கட்டாதீர்கள்.

3. இணைப்பியை வீணாகக் கழற்றாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது, ஆயினும் தீங்கு செய்யக்கூடும்.

4. வேகம் குறைந்தால், முதலில் கம்பியில்லா இணைப்பைச் சோதியுங்கள். இரும்பு அலமாரிக்குள் வைத்த கருவியின் அலைகள் அறைகளை எட்டா. இணைப்பு முழுவதும் நின்று, கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால், இழையில் பழுது இருக்கலாம். சேவை நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள்.

5. தாழ்வாரத்திலும் படிக்கட்டு ஓரத்திலும் உள்ள குழாய்களில் ஆணி அடிப்பதையும் பொருள் தொங்கவிடுவதையும் தவிர்த்திடுங்கள். அவற்றுள் அண்டை வீட்டாரின் இழைகளும் செல்கின்றன. நமது கவனக்குறைவால் அடுத்த வீட்டு முதியவரின் தொலைபேசி ஊமையாகிவிடலாகாது.