மாடி அறையில் தொடங்கிய கம்பெனி

எங்கள் கல்வி மையத்தில் ஒரு மாலை நேரம். ஓர் அம்மா தம் வங்கி பாஸ்புக்கைக் கொண்டு வந்திருந்தார். அதில் அச்சாகியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்ததும் என்னிடம் கேட்டார்.

"இதை எழுதினது மனுசன் கையா, மெஷினா கண்ணு?"

"கம்ப்யூட்டர் அம்மா" என்றேன்.

"கம்ப்யூட்டர் எல்லாம் வெளிநாட்டுக்காரங்க செஞ்சதுதானே?"

பக்கத்தில் இருந்த பெரியவர் தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லாதம்மா. நம்ம திருச்செந்தூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தர் இதே தில்லியில கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பிச்சிருக்காரு. நொய்டாவுல அந்தக் கட்டடத்தை என் மகன் காட்டினான்" என்றார்.

பெரியவர் சொன்னது உண்மைதான். அந்த மனிதரின் பெயர் சிவ் நாடார். அந்தக் கம்பெனியின் பெயர் எச்.சி.எல்.

"அவருக்கு மூளை பெருசு. அதான் ஜெயிச்சாரு" என்றார் அம்மா.

மூளை வேண்டும். பணமும் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதுமா? பல பேரைச் சேர்த்து ஒரு வேலையை நடத்த வேறு ஒன்றும் வேண்டும். அதற்குத் தலைமை என்று பெயர். சிவ் நாடார் எப்படித் தலைமை தாங்கினார்? அதைத்தான் இங்கே படிக்கப் போகிறோம்.

ஊரும் படிப்பும்

சிவ் நாடார் 1945ஆம் ஆண்டு பிறந்தார். திருச்செந்தூர் அருகே உள்ள மூலைப்பொழி என்னும் சிற்றூர் அவர் பிறந்த ஊர். கும்பகோணத்திலும் மதுரையிலும் திருச்சியிலும் படித்தார். பிறகு கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார்.

1967இல் புனே நகரில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தில்லிக்கு வந்தார். தில்லியில் டி.சி.எம். என்ற பெரிய கம்பெனி இருந்தது. அது துணி ஆலையாகத் தொடங்கிய கம்பெனி. கால்குலேட்டர் செய்யும் பிரிவு ஒன்றும் அதில் இருந்தது. கால்குலேட்டர் என்றால் உங்களுக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரர் விரலால் தட்டிக் கணக்குப் போடுகிறாரே, அந்தக் கருவிதான். அந்தப் பிரிவில் சிவ் நாடார் வேலை செய்தார்.

நல்ல வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். அப்படிப்பட்ட வேலையை அவர் விட்டார். அவரோடு வேலை செய்த நண்பர்கள் சிலரும் விட்டார்கள். அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி ஆகியோர் அவர்களில் இருவர். சிவ் நாடார் தமிழர். இவர்கள் வடநாட்டவர். மொழி வேறு, ஊர் வேறு. ஆனால் ஆசை ஒன்று. நம் நாட்டிலேயே கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்பதே அந்த ஆசை.

கையில் இருந்ததைக் கொண்டு

தில்லி வீடுகளில் மொட்டைமாடியில் ஓர் அறை இருக்கும். அதைப் பர்சாத்தி என்பார்கள். வெயிலில் சுடும். குளிரில் நடுங்க வைக்கும். வாடகை மட்டும் குறைவு. அப்படி ஒரு பர்சாத்தியில்தான் அவர்களுடைய கம்பெனி தொடங்கியது.

அவர்கள் போட்ட முதல் பணம் சுமார் 1,87,000 ரூபாய். கம்ப்யூட்டர் செய்ய அது போதாது. என்ன செய்வது? தங்களுக்குத் தெரிந்த தொழிலை முதலில் செய்தார்கள். கால்குலேட்டர் விற்றார்கள். அதில் வந்த பணத்தைக் கம்ப்யூட்டருக்காகச் சேர்த்தார்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் செய்ய அரசின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் என்றால் அனுமதி. அது எளிதில் கிடைக்காது. அவர்கள் உத்தரப் பிரதேச அரசை அணுகினார்கள். அரசின் மின்னணு நிறுவனம் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. கம்பெனியை நூறு பங்காகப் பிரித்தால் அதில் 26 பங்கு அரசு நிறுவனத்துக்கு. 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கம்பெனிக்குப் புதுப் பெயர் வந்தது. ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட். இதன் சுருக்கமே எச்.சி.எல்.

முன்னே பார்த்தல்

தலைவருக்கு முதலில் வேண்டியது முன்னே பார்க்கும் கண். மேகம் கறுக்கும்போதே உழவர் ஏரைத் தயார் செய்கிறார் அல்லவா? அதைப் போல.

முன்பு ஒரு கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையையே அடைத்துக் கொள்ளும். விலையும் மிக அதிகம். 1971இல் அமெரிக்காவில் இன்டெல் என்ற கம்பெனி ஒரு சிறிய சில்லை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நகம் அளவுதான் இருக்கும். கணக்குப் போடும் வேலை எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தது. அந்தச் சில்லை முதலில் கால்குலேட்டருக்காகத்தான் உருவாக்கினார்கள். ஆனால் அதே வகைச் சில்லைக் கொண்டு சின்னக் கம்ப்யூட்டரும் செய்யலாம். கால்குலேட்டர் தொழிலில் இருந்த இந்த நண்பர்கள் அதைப் புரிந்து கொண்டார்கள்.

அதே சமயம் நாட்டில் ஒரு மாறுதல் நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு 1973இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியாவில் தொழில் செய்தால் இந்தியர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஐ.பி.எம். என்பது பெரிய அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி. அது பங்கு தர விரும்பவில்லை. 1978இல் இந்தியாவை விட்டுப் போனது. அதே 1978இல் எச்.சி.எல். தன் சொந்தக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். காற்று எல்லாருக்கும்தான் வீசியது. முறத்தோடு தயாராக நின்றவர் சிலர்தான்.

பொறுப்பைக் கொடுத்தல்

முன்னே பார்த்தால் மட்டும் போதுமா? எல்லா வேலையையும் ஒருவரே செய்ய முடியாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "நான் செய்தால்தான் சரியாக இருக்கும்" என்று நினைக்கிறார்கள். சாவியைக் கையிலேயே வைத்துக் கொள்கிறார்கள்.

சிவ் நாடார் வேறு வழியில் போனார். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பெரிய வேலையைக் கொடுத்தார். கொடுத்த பிறகு நம்பினார்.

1980இல் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கம்பெனி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன நேரம் அது. அந்த வேலைக்காகச் சிங்கப்பூர் போனவர் அஜய் சௌத்ரி. அப்போது அவர் இளைஞர். புது நாடு, புது மனிதர்கள். அங்கே அன்றாடம் முடிவு எடுக்க வேண்டியவர் அவர்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகும் இதே வழக்கம் தொடர்ந்தது. 2005இல் வினீத் நாயர் என்பவர் எச்.சி.எல். டெக்னாலஜிஸ் கம்பெனியை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். "முதலில் ஊழியர், அடுத்து வாடிக்கையாளர்" என்றார் அவர். மற்ற கம்பெனிகள் வாடிக்கையாளரைத்தான் முதலில் வைக்கும். அதனால் பலரும் வியந்தார்கள்.

அவர் செய்த ஒரு மாறுதலைப் பாருங்கள். ஊழியருக்கு ஒரு குறை இருந்தால் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம். மேலதிகாரி அதைத் தீர்க்க வேண்டும். தீர்ந்துவிட்டது என்று மேலதிகாரி சொன்னால் போதாது. குறை சொன்ன ஊழியர் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தக் குறை முடிந்ததாகக் கணக்கு. இப்படி ஒரு மாறுதலைச் செய்ய சிவ் நாடார் அவருக்கு இடம் கொடுத்தார்.

எல்லாத் தலைவர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எச்.சி.எல். தொடங்கிய அதே 1976இல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் நண்பர்களோடு ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கினார். அவர் சிறு விஷயத்தையும் தாமே பார்ப்பார். பெட்டியின் ஓரம் எப்படி வளைய வேண்டும் என்பதுகூட அவர் சொன்னபடி நடக்க வேண்டும். அதனால் அழகான பொருள்கள் வந்தன. சண்டைகளும் வந்தன. 1985இல் தாம் தொடங்கிய கம்பெனியை விட்டே போனார். 1997இல் திரும்பி வந்து அதைத் தூக்கி நிறுத்தினார். அது ஒரு வழி. சிவ் நாடாருடையது வேறு வழி.

வழி தவறினால்

எச்.சி.எல். தொட்டதெல்லாம் வெற்றி பெறவில்லை. 1989 வாக்கில் அமெரிக்காவுக்குப் போய்த் தங்கள் கம்ப்யூட்டரை விற்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை.

கம்ப்யூட்டரில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் பெட்டி. மற்றொன்று அந்தப் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் கட்டளைகள். இந்தக் கட்டளைகளுக்கு மென்பொருள் என்று பெயர். பெட்டி ஒரு தையல் மெஷின் என்றால், மென்பொருள் தைக்கும் வித்தை. மெஷின் மட்டும் இருந்தால் சட்டை வராது.

பெட்டி விற்க முடியவில்லை. ஆனால் மென்பொருள் எழுதத் தெரிந்த இளைஞர்கள் கம்பெனியில் இருந்தார்கள். அந்த வேலைக்கு வெளிநாட்டில் தேவையும் இருந்தது. எனவே கம்பெனி அந்தப் பக்கம் திரும்பியது. இன்று எச்.சி.எல். டெக்னாலஜிஸ் பெரும்பாலும் மென்பொருள் சார்ந்த வேலைகளையே செய்கிறது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் வேலை செய்கிறார்கள்.

போன வழி தவறு என்று தெரிந்தால் திரும்ப வேண்டும். அது அவமானம் இல்லை.

படிக்க வைத்தல்

கம்ப்யூட்டர் செய்தால் போதாது. அதை இயக்க ஆள் வேண்டும். 1981இல் தில்லியில் என்.ஐ.ஐ.டி. என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கியது. அதை ராஜேந்திர பவார், விஜய் தடானி ஆகியோர் தொடங்கினார்கள். சிவ் நாடார் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே கம்ப்யூட்டர் கற்றார்கள்.

1996இல் சென்னை அருகே காலவாக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார். அதற்குத் தம் தந்தை சிவசுப்பிரமணிய நாடார் பெயரை வைத்தார். 2009இல் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில் வித்யாஞான் என்ற பள்ளி வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம்.

2008இல் சிவ் நாடாருக்கு மத்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. 2020இல் அவர் எச்.சி.எல். டெக்னாலஜிஸ் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவருடைய மகள் ரோஷினி நாடார் மல்ஹோத்ரா தலைவரானார்.

இதையும் மறக்கக் கூடாது. கம்பெனி வேறு, நம் குழு வேறு. கம்பெனியில் லாபத்தின் பெரும் பங்கு முதலாளிக்குப் போகிறது. சிவ் நாடார் இன்று நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார், சரி. செல்வம் அதே அளவில் பிரியவில்லை. இதையும் தெரிந்து கொண்டுதான் அவரிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்க வேண்டும்.

சாவி யார் கையில்?

இப்போது நம் மையத்துக்கு வருவோம். ஒரு தவறை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மையத்தின் சாவி என்னிடம்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டை நான்தான் எழுதினேன். புத்தகப் பெட்டியையும் நான்தான் திறந்தேன். யாராவது கை வைத்தால் "நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பேன். பொறுப்பாக இருக்கிறேன் என்று நினைத்துக் கொண்டேன்.

ஒரு முறை எனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. எட்டு நாளும் மையம் பூட்டிக் கிடந்தது. பாஸ்புக் கொண்டு வந்த அந்த அம்மா என்னைப் பார்க்க வந்தார். கஞ்சி கொண்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சாவியை எங்ககிட்ட குடுத்திருந்தா நாங்களே உக்காந்து படிச்சிருப்போமே கண்ணு. எங்களுக்குத்தான் இப்போ எழுத்துத் தெரியுமே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தேன். ஆனால் அவர்களை நம்பவில்லை.

இப்போது சாவி வாரம் ஒருவர் கையில் இருக்கிறது. பதிவேட்டை அவர்களே எழுதுகிறார்கள். முதல் வாரம் தேதி தவறாக எழுதினார்கள். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்கள். அவ்வளவுதான். சென்ற மாதம் நான் மூன்று நாள் வரவில்லை. மையம் ஒரு நாளும் மூடவில்லை.

உங்கள் மகளிர் குழுவிலும் இப்படி இருக்கலாம். வங்கிக்கு எப்போதும் ஒருவரே போவார். கணக்கு நோட்டு ஒருவர் வீட்டிலேயே இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஊருக்குப் போனால் குழு நின்றுவிடும். தவறு நடந்தாலும் மற்றவர்களுக்குத் தெரியாது. அடுத்த முறை அவரோடு இன்னொருவரும் வங்கிக்குப் போகட்டும். கணக்கை எல்லார் முன்னும் படிக்கட்டும். படிப்பவர் திக்கித் திக்கிப் படித்தாலும் பரவாயில்லை.

தான் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி செய்பவரே நல்ல தலைவர்.

யோசித்துப் பேசுங்கள்

1. கம்ப்யூட்டர் செய்யப் பணம் போதாதபோது சிவ் நாடாரும் நண்பர்களும் என்ன செய்தார்கள்?

2. ஊழியரின் குறை தீர்ந்தது என்று யார் சொல்ல வேண்டும்? ஏன்?

3. உங்கள் குழுவில் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது? அதை வேறு யாரால் எழுத முடியும்?

4. உங்களால் செய்ய முடியும், ஆனால் இதுவரை யாரும் உங்களிடம் கொடுக்காத பொறுப்பு எது? அதை ஒரு வரியில் எழுதுங்கள்.