பழைய பேப்பரில் ஒரு படுக்கை

1930-ல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலில் விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி ஒரு வளையைத் தோண்டச் செய்தார். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்தில் ஒரு தாய் ஹாம்ஸ்டரும் குட்டிகளும் கிடைத்தன. இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான்.

அப்படி மண்ணுக்குள் வாழ்ந்த பிராணியை, இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூள் தூவிய கூண்டில் விடுகிறோம். அது கம்பியைக் கடித்தால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். 2006-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுக்கை போட்டுப் பார்த்தார்கள். அதிகம் கம்பி கடித்தவை 10 செ.மீ. கூண்டில் இருந்தவை. 80 செ.மீ. கிடைத்தவை கம்பியைக் கடிக்கவே இல்லை.

அவ்வளவு ஆழத்துக்குக் கடைப் படுக்கை வாங்கினால் செலவு எகிறும். வீட்டில் சேரும் பேப்பர் கைகொடுப்பது இங்கேதான்.

எழுதாத வெள்ளைத் தாள், பார்சலில் வரும் பழுப்புத் தாள், பூச்சில்லாத டிஷ்யூ, டேப் உரித்த அட்டைப்பெட்டி எல்லாம் நல்லவை. ஸ்டேப்ளர் பின்னை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். தாளை நாடாவாகக் கிழித்து, அட்டைத் துண்டும் காய்ந்த புல்லும் கலந்தால்தான் தோண்டிய சுரங்கம் சரியாமல் நிற்கும். வெறும் தாள் அமுங்கிவிடும்.

எல்லாத் தாளும் ஆகாது. பளபளக்கும் பத்திரிகை அட்டை ஈரத்தை உறிஞ்சாது. கடை பில் தாளில் பெரும்பாலும் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் பூசியிருப்பார்கள். செய்தித்தாளில் உணவு மடிக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. நமக்கு ஆகாத அதன் அச்சு மை, எதையும் கொறித்துப் பார்க்கும் பிராணிக்கு மட்டும் எப்படி ஆகும்? கூண்டுத் தட்டுக்கு அடியில் விரிப்பதோடு செய்தித்தாளை நிறுத்திக்கொள்வது நல்லது.

மெத்தென்று இருக்கிறதே என்று பஞ்சும் வைக்கக் கூடாது. அதன் இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விழுங்கினால் குடலை அடைக்கும். தேவதாரு மரச்சீவலும் வேண்டாம். அது எலிகளின் கல்லீரல் நொதிகளை மாற்றுகிறது என்பது 1967-லேயே தெரிந்துவிட்டது.

பேப்பருக்கு ஒரு குறை உண்டு: ஈரத்தை இழுக்கும், வாடையை அடக்காது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா சின்னப் பிராணிகளின் நுரையீரலைப் பாதிக்கும். ஆகவே நனைந்த மூலையைத் தினமும் அள்ள வேண்டும். மொத்தமாக மாற்றும் நாளிலும் பழைய படுக்கையில் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும்; தன் வாசனை அடியோடு போனால் ஹாம்ஸ்டர் மிரளும்.

ஹாம்ஸ்டரைப் போலக் கினிப் பன்றி வளை தோண்டாது. அதற்கு ஆழம் தேவையில்லை. வெயிலும் அதற்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் பேப்பரைக் குவித்து அதைப் புழுங்க விடாதீர்கள். மெல்லிய அடுக்காகப் போட்டு, தினமும் மாற்றுங்கள். முயல், கினிப் பன்றிப் புழுக்கையோடு வரும் பழைய தாளை உரக்குழியில் போட்டால் மக்கி உரமாகும்.