மூச்சு சீரானால் மனம் சீராகும்

தேனி அல்லிநகரத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் எழுந்தருளியிருக்கும் அருள்மிகு வீரப்ப அய்யனாரைத் தரிசிக்கச் சென்ற அன்பர்கள் ஓர் அனுபவத்தை உணர்ந்திருப்பார்கள். ஊரின் இரைச்சலைக் கடந்து, வெயிலில் நடந்து, மரநிழலில் வந்து அமர்ந்த சிறிது நேரத்தில் படபடத்த நெஞ்சு தணிகிறது. எவரும் சொல்லித் தராமலே ஒரு நீண்ட பெருமூச்சு வெளிப்படுகிறது. அப்பெருமூச்சோடு மனத்தின் பாரமும் சற்றே இறங்கியது போலத் தோன்றுகிறது. இது வெறும் தோற்றமன்று. மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள உறவே இதற்குக் காரணமாகும்.

ஆடி மாதம் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று எத்துணை வேகமாக வீசும் என்பதை இம்மாவட்டத்தார் அறிவர். குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிடும் அதே காற்றுதான் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரத்தையும் தருகிறது. நம் உடலுக்குள் உலவும் காற்றும் அத்தகையதே. தாறுமாறாக ஓடினால் மனத்தை அலைக்கழிக்கும். முறைப்படுத்தினால் நன்மை பயக்கும்.

மூச்சின் தனிச்சிறப்பு

இதயம் துடிப்பதும், இரைப்பை செரிப்பதும் நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பவை அல்ல. கை கால்களோ நாம் நினைத்தால்தான் அசைகின்றன. மூச்சோ இவ்விரண்டு வகையிலும் சேர்கிறது. நாம் உறங்கும்போது அது தானாகவே நடைபெறுகிறது. விழித்திருக்கும்போது நாம் விரும்பினால் அதை நீட்டலாம், குறைக்கலாம், சிறிது நேரம் நிறுத்தவும் செய்யலாம். ஆகவே, நம் ஆணைக்கு உட்படாத இதயத்தையும் நரம்புகளையும் அணுகுவதற்கு இறைவன் திறந்து வைத்த வாயில் மூச்சு எனலாம்.

கோபம் வந்தால் மூச்சு விரைகிறது. அச்சம் வந்தால் மேலெழுந்தவாரியாகிறது. துயரத்தில் விம்முகிறது. மனம் மாறினால் மூச்சு மாறுகிறது என்றால், மூச்சை மாற்றினால் மனமும் மாற வேண்டுமல்லவா? நம் முன்னோர்கள் கண்ட உண்மை இதுவே.

முன்னோர் வகுத்த கணக்கு

பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாக விளங்கும் திருமந்திரத்தில், மூன்றாம் தந்திரத்திலே திருமூலர் பிராணாயாமத்தை விளக்கியுள்ளார். மூச்சை உள்ளிழுப்பது பூரகம்; உள்ளே நிறுத்துவது கும்பகம்; வெளியே விடுவது இரேசகம். இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரைகள் என அவர் அளவு வகுத்தார். மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் எனத் தமிழ் இலக்கணம் கூறும்.

இவற்றுள் 64 மாத்திரை அளவு மூச்சை நிறுத்துவது குருவின் நேர்ப்பார்வையில் நெடுநாள் பயின்றோர்க்கே உரியது. இல்லறத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது வேறொன்று. உள்ளிழுக்கும் நேரத்தைப் போல வெளிவிடும் நேரம் இரு மடங்காக இருக்கிறது அல்லவா? அமைதிக்குரிய வழி நீண்ட வெளிமூச்சு என்பதை அவ்வளவு நுட்பமாக அவர் காட்டியுள்ளார்.

மனிதன் ஒரு நாளில் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது யோக நூல்களின் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் வேயப்பட்ட பொன்னோடுகள் இவ்வெண்ணிக்கையையே குறிக்கும் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு எனப் பெருக்கினால் சரியாக 21,600 வருகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார் என்று இக்கால மருத்துவமும் கூறுகிறது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

சாதாரணமாக ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அதில் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகிய வழியிலேயே தங்கிவிடுகிறது. எஞ்சியது மட்டுமே நுரையீரலின் நுண்ணறைகளை அடைந்து குருதியோடு கலக்கிறது.

பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 24 முறை, முறைக்கு 250 மில்லி லிட்டர் வீதம் மூச்சு விடுவதாகக் கொள்வோம். மொத்தம் 6 லிட்டர் காற்று உள்ளே சென்றாலும், பயன்படுவது 2.4 லிட்டர்தான். அமைதியாக 6 முறை, முறைக்கு 1 லிட்டர் வீதம் விடுபவருக்கும் மொத்தம் 6 லிட்டரே, ஆனால் 5.1 லிட்டர் பயன்படுகிறது. உழைப்பு குறைவு, பயன் மிகுதி.

ஆழ்ந்த மூச்சினால் உடலில் பிராணவாயு அளவின்றிப் பெருகும் என்று சிலர் கருதுவர். நலமுடன் இருப்பவரின் குருதியில் அது முன்னரே 95 விழுக்காட்டிற்கு மேல் நிறைந்துள்ளது. உண்மையான நன்மை நரம்புகள் வழியே கிட்டுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயம் வரையும் வயிறு வரையும் செல்லும் ‘வேகஸ்’ என்னும் நரம்பே இவ்வாறு தணிப்பது. வெளிமூச்சு நீளும்போது இந்நரம்பின் ஆட்சி ஓங்குகிறது. நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. தசைகளின் இறுக்கம் தளர்கிறது. தொடர்ந்து பயில்வோர்க்கு இரத்த அழுத்தமும் சிறிதளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வு நெடுநாட்களுக்கு முன்பே தொடங்கியது. 1924-ஆம் ஆண்டு லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடக் கருவிகளைக் கொண்டு அளந்து பார்த்தார்.

பாராயணமும் ஒரு மூச்சுப் பயிற்சியே

2001-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் லூசியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் நலமுடைய 23 பேரை ஆராய்ந்தனர். கிறித்தவ செபமாலையை இலத்தீன் மொழியில் சொல்லும்போதும், பௌத்த மந்திரத்தை ஓதும்போதும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்னும் அளவுக்குத் தானாகவே குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் ஆற்றலும் மேம்பட்டது. சமயம் வேறு, மொழி வேறு; மூச்சின் தாளம் ஒன்றாகவே இருந்தது.

திருக்கோயில்களில் ஓதுவார்கள் பதிகத்தின் ஓர் அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடுவதையும், நாதசுரக் கலைஞர்கள் மூச்சை அடக்கி ஆள்வதையும் கண்டிருக்கிறோம். நாமும் அவசரமின்றி நிறுத்தி நிதானமாக ஓதினால், அதுவே வழிபாடாகவும் பயிற்சியாகவும் அமையும். 108 போற்றிகளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும் என்று விரைந்தால் அப்பயன் கிட்டாது.

எளிய முறை

1. காலையிலும் மாலையிலும், வயிறு நிறைந்திராத நேரத்தில், முதுகு நிமிர்ந்து அமர்க. தரையில் அமர இயலாத முதியோர் நாற்காலியில் அமரலாம்.

2. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்க. மூச்சை இழுக்கும்போது வயிறு மெல்ல எழ வேண்டும், தோள்கள் உயரக்கூடாது.

3. நொடிக்கு ஓர் எண்ணாக, நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே உள்ளிழுக்க. ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுக. இடையில் மூச்சை அடக்க வேண்டியதில்லை.

4. எண்ணுவதற்குப் பதிலாக இஷ்ட தெய்வத்தின் திருநாமத்தை மனத்துள் சொல்லலாம்.

இவ்வாறு செய்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு; ஐந்து நிமிடத்தில் 30 மூச்சு. தொடக்கத்தில் இதுவே போதும்.

மறவாதிருக்க வேண்டியவை

தலைச்சுற்றலோ, விரல்களில் மரமரப்போ தோன்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடவேண்டும். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டுக் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் இவ்வாறு நேரும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு உடையோரும், கருவுற்ற தாய்மார்களும் மூச்சை அடக்கும் பயிற்சியை மருத்துவரைக் கேளாமல் செய்தல் ஆகாது.

ஆஸ்துமா உடையோர் மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று எண்ணி உறிஞ்சும் மருந்தைக் கைவிட்டுவிடக் கூடாது. அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உண்ணும் மாத்திரைகளும் அவ்வாறே. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்வது கடமை. மூச்சுப் பயிற்சி மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

துயரிலும் துணை

ஆடிக் காற்றில் வாழைத் தோட்டத்தை இழந்த விவசாயிக்கு ஆழ்ந்த மூச்சு அந்த வாழையை நிமிர்த்தித் தராது. மருத்துவமனையின் வாசலில் காத்திருக்கும் மகளுக்குத் தாயின் நோயைத் தீர்த்துவிடாது. ஆயினும், கலங்கிய நீர் தெளிந்தால் அடியில் உள்ளது தெரிவது போல, மூச்சு தணிந்த மனத்துக்கு அடுத்துச் செய்ய வேண்டியது புலப்படும். வாழ்வே வேண்டாம் எனத் தோன்றும் ஒரு கணத்தில் அந்தத் தெளிவு ஓர் உயிரையே காக்கக்கூடும். அத்தகைய நேரத்தில் தனித்திருத்தல் கூடாது. உற்றாரிடம் பேசுக, 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்குரிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

அன்பர்களே! அடுத்த முறை திருக்கோயிலுக்கு வரும்போது, தரிசனம் முடிந்தவுடன் புறப்பட்டுவிடாமல் பிராகாரத்தில் சிறிது நேரம் அமருங்கள். கோயிலில் அமர்ந்து எழுந்து செல்வது நம் முன்னோர் வகுத்த மரபன்றோ? அந்த ஐந்து நிமிடம், முப்பது மூச்சு. பொருட்செலவு இல்லாத இப்பயிற்சியை நாள்தோறும் கைக்கொண்டு, உடல் நலமும் மன அமைதியும் பெற்று, இறையருளால் இனிது வாழ்வோமாக!