அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க!

ராயபுரம் மெடிக்கல் ஷாப்பில் நம்மாளு: "அண்ணே, ஜலதோஷம். ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக் குடுங்க!"

ஜலதோஷம் வைரஸின் சேட்டை சார். ஆன்டிபயாடிக் அடிப்பது பாக்டீரியாவை மட்டும்தான். அமாக்சிசிலின் அதன் சுவரைக் கட்டவிடாது, அஸித்ரோமைசின் ஹார்பர் ஸ்டிரைக் மாதிரி புரத உற்பத்தியை நிறுத்தும், சிப்ரோஃப்ளாக்சசின் டி.என்.ஏ-வைப் பிரதி எடுக்க விடாது.

2017-ல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை மூன்றாகப் பிரித்தது: முதலில் தருபவை, யோசித்துத் தருபவை, கடைசி ஆயுதமாகக் காப்பாற்றி வைப்பவை. சும்மா சும்மா முழுங்கினால் மருந்துக்கு அசராத கிருமிகள்தான் பெருகும். நாளைக்கே நிஜமாக நிமோனியா வந்தால் மருந்து பல்லிளிக்கும்!

இதற்காகத்தான் 2012-ல் டாக்டர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 முதல் சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால், நோயாளியின் பெயரைக் கடைக்காரர் ரெஜிஸ்டரில் எழுதியாகணும்.

வெறும் ஜலதோஷமா? மிளகு ரசம் வையுங்க. ஜுரம் விடலையா? அண்ணனை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க!