செர்னோபில் காடு பச்சையா இருக்கு... ஆனா மரங்களோட மரபணு? கதிர்வீச்சு செடிகளை என்ன செய்யும்?

செர்னோபில் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. ஆளில்லாத அடுக்குமாடிகளுக்கு நடுவே மரங்கள் அடர்ந்து நிற்கும். "மனுஷன் போனதும் இயற்கை மீண்டுடுச்சு" என்று கமெண்ட்டும் இருக்கும். ஆனா, பச்சையா இருந்தாலே பாதிப்பு இல்லைன்னு அர்த்தமா?

சிவந்துபோன காடு

1986 ஏப்ரல் 26. அப்போதைய சோவியத் யூனியனில், இன்றைய உக்ரைனில் உள்ள செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4வது உலை வெடித்தது. பக்கத்தில் இருந்த பைன் மரங்கள் காய்ந்து செம்பழுப்பு நிறமாகின. அந்த இடத்துக்கு 'சிவப்புக் காடு' என்றே பெயர் வந்தது.

ஆனால் பிர்ச் மரங்கள் அந்த அளவுக்குச் சாகவில்லை. கதிர்வீச்சின் முக்கிய இலக்கு டி.என்.ஏ. பைன் மரத்தின் டி.என்.ஏ. தொகுப்பு மனிதனுடையதை விட பல மடங்கு பெரியது. இலக்கு பெருசா இருந்தா அடியும் அதிகமா விழும். இது ஒரு முக்கிய காரணம்.

விதை வழியாகப் போகும் பிழை

மண்ணில் படிந்த சீசியம்-137 பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். செடியால் இடம் மாற முடியாது. டி.என்.ஏ. உடையும்போதெல்லாம் செல் அதை ஒட்ட வைக்கும். சில நேரம் தப்பாக ஒட்டிவிடும். மகரந்தத்தையோ சூலையோ உருவாக்கும் செல்லில் அது நடந்தால், பிழை விதைக்குள் போய்விடும்.

இதைச் சோதிக்க ஒரே வகை கோதுமையை செர்னோபில் மண்ணிலும் சுத்தமான மண்ணிலும் விதைத்தார்கள். செர்னோபில் பயிரின் அடுத்த தலைமுறையில் மரபணு மாற்ற விகிதம் 6 மடங்கு அதிகம். 2000-ல் வெளியான ஆய்வு இது.

செடிகள் பழகிக்கொண்டனவா?

2003-ல் வெளியான ஆய்வில், அங்குள்ள பைன் மரங்களின் டி.என்.ஏ. மீது 'மெத்தில்' என்ற வேதிக் குறிகள் வழக்கத்தை விட அதிகமாக இருந்தன. இது டி.என்.ஏ. எழுத்துகளை மாற்றாது, எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும் என்பதில் பங்கு வகிக்கும். டி.என்.ஏ. குலைந்துபோகாமல் இருக்க மரம் போட்ட பூட்டா இது இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இன்னும் உறுதியாகவில்லை.

அப்போ ராட்சதச் செடிகள்?

அது சினிமாவில்தான். பெரும்பாலான மரபணு மாற்றங்கள் கண்ணுக்கே தெரியாது. சில கெடுதல் செய்யும். வெடிப்புக்குப் பிறகு வளர்ந்த இளம் பைன்களில் பல, நடுத்தண்டின் நுனி வளராமல் புதர் மாதிரி கிளைத்திருக்கின்றன. 2011 விபத்துக்குப் பிறகு ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் ஊசியிலை மரங்களில் இதே குறை தெரிந்தது.

ஆக, அந்தப் பச்சை நிறம் சொல்வது 'உயிரோட இருக்கோம்' என்பதை மட்டும்தான். 'நல்லா இருக்கோமா' என்பதற்குப் பதில், அந்த மரங்களின் விதைகளுக்குள் இருக்கு.